முதல் மனுதாரரின் முகவரி

பிப்ரவரி 4

பாப்பா,

வாரம் ஒரு முறையாவது தபால் நிலையத்தில் போய்க் கேள் என்று எத்தனை தடவை சொல்வது? போன கடிதத்தை இருபது நாள் கழித்து எடுத்திருக்கிறாய். போன் வேண்டாம் என்றாய், சரி என்றேன். உன்னைக் கட்டிய அந்த ஆள் போன் கம்பெனியில் ஆள் பிடித்து உன் நம்பரை இரண்டு முறை கண்டுபிடித்தவன். நீ பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் கடிதத்தையும் எடுக்காவிட்டால் நான் புறாவையா பறக்கவிடுவது?

விஷயத்துக்கு வருகிறேன். அறக்கட்டளை ஆணையம் புது விதி போட்டிருக்கிறது. அறங்காவலராக இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரில் உள்ள வீடு, நிலம், கட்டடம் எல்லாவற்றையும் கதவு எண், தெருப் பெயரோடு எழுதிக் கொடுக்க வேண்டும். தொண்ணூறு நாள் கெடு. கொடுத்ததை அப்படியே தங்கள் இணையதளத்தில் போட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அப்பா விடுதிப் பத்திரத்தில் உன்னையும் என்னையும் ஆயுள் அறங்காவலர்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வருகிறவர்கள் நடைபாதையில் படுக்கிறார்களே என்று, இருந்த ஒரே வீட்டையும் கொடுத்த மனுஷன். இன்று நாற்பது கட்டில். அதை நடத்துகிற நம்மைத் திருடர்களைப் போல வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

நீதிமன்றம் போகிறோம். நானும் மூன்றாவது அறங்காவலரான மருந்துக்கடைக்காரரும் வக்கீலைப் பார்த்தோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க ரெண்டு பேர் மட்டும் நின்னா, எதையோ மறைக்கிறீங்கன்னு நீதிபதி நெனப்பார். உங்க தங்கச்சி முன்னால நின்னா தடை கெடச்சிடும்."

நீ முதல் மனுதாரராக நிற்க வேண்டும். யோசித்து எழுது. ரொம்ப யோசிக்காதே.

உன் அண்ணன்


பிப்ரவரி 11

அண்ணா,

முடியாது.

நான் விலகிக்கொள்கிறேன். விலகல் கடிதம் இதோடு இருக்கிறது. அப்பாவின் பத்திரத்தில் என் பெயர் இருப்பதால் விடுதிக்கு ஒரு கட்டில்கூட அதிகமாகவில்லை. கூட்டத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. நீ அனுப்பும் தாள்களில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதுவும் நான் செய்ததில்லை.

இந்த வீட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்து மூன்று தாழ்ப்பாளையும் திருகிக் கொடுத்தது நீதான். இரண்டு அறை, ஒரு ஜன்னல், மாடிப்படி பக்கத்து வீட்டோடு சேர்ந்தது. இருக்கட்டும். நாற்பத்திரண்டு வயதில் முதல் முறையாக நான் உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் கதவு இது. அவன் சிறையிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆயிற்று. இது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான். நான் வேலை பார்க்கும் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில்கூடத் தபால் நிலைய முகவரிதான் கொடுத்திருக்கிறேன்.

நீதிமன்றத்தில் எழுந்து நின்று "நான் ஒளிந்திருக்கிறேன்" என்று சொல்வது ஒளிந்திருப்பவள் செய்கிற காரியமா?

பாப்பா


பிப்ரவரி 17

பாப்பா,

கோபித்துக்கொள்ளாமல் படி. விலகல் கடிதத்தை வக்கீலிடம் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். விதியில் இன்னொரு வரி இருக்கிறது: கடந்த மூன்று வருஷத்தில் அறங்காவலராக இருந்தவர்களும் விவரம் கொடுத்தாக வேண்டும். நீ இன்றைக்கு விலகினாலும் உன் கதவு எண் இணையதளத்துக்குப் போகும். கொடுக்காவிட்டால் ஆணையமே பதிவு அலுவலகத்தில் எடுத்துப் போடும்.

அதனால், நீ நிற்பது எனக்காக என்று நினைக்காதே. உனக்கு வேறு வழி இருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

உன் பெயரும் முகவரியும் வருகிற இடத்தையெல்லாம் கறுப்பு மையால் அடித்துத்தான் வெளியே விடுவார்கள். அசல் முகவரி ஒரு மூடிய உறையில் நீதிபதிக்கு மட்டும் போகும். உனக்கு நடந்ததை உன் வார்த்தையிலேயே எழுது. அவன் அடித்துக் கேட்காமல் போன காதைப் பற்றியும் எழுது. வெட்கப்பட வேண்டியவள் நீ இல்லை.

நீ இங்கே வர வேண்டாம். உன் ஊரிலேயே ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. பத்திரம் எழுதியே நம்மை வளர்த்தவர் அப்பா. கடைசிப் பக்கத்தில் மட்டும் முத்திரை வாங்கி வருகிறவர்களை என்ன பாடுபடுத்துவார்? நடுவில் ஒரு தாளை உருவிவிட்டு வேறு தாளைச் செருகினால் என்ன செய்வாய் என்பார். ஆகவே எல்லாப் பக்கத்திலும் முத்திரை வேண்டும். நம் வீட்டுத் தாள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அண்ணன்


மார்ச் 1

அண்ணா,

இதோடு பதினொரு பக்கம் இருக்கிறது. எழுத ஒன்பது நாள் ஆயிற்று. ஏழாம் பக்கத்தைத் திரும்பப் படிக்கவில்லை. பிழை இருந்தால் இருக்கட்டும்.

எங்கள் தெரு முனையில் ஒரு நோட்டரி இருக்கிறார். போட்டோ காப்பிக் கடைக்கு உள்ளே ஒரு மேசை, அவ்வளவுதான் அலுவலகம். பஸ் ஏறி வேறு இடம் போயிருக்கலாம். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. அவருடைய குமாஸ்தா கடைசிப் பக்கத்தில் மட்டும் குத்திவிட்டுத் தள்ளினார். எல்லாப் பக்கமும் வேண்டும் என்றேன். "எதுக்கும்மா? யாரும் கேக்கறதில்லையே," என்றார். எங்கள் அப்பா கேட்பார் என்றேன். அவர் என் இடது பக்கம் நின்று வேறு என்னமோ சொன்னார், காதில் விழவில்லை. முகத்தைத் திருப்பி மறுபடி சொல்லச் சொன்னேன். பிறகு சிரித்துக்கொண்டே பதினொரு தடவை குத்தினார். ஒவ்வொன்றும் பளிச்சென்று விழுந்திருக்கிறது. அப்பா பார்த்தால் குறை சொல்ல மாட்டார்.

நான் அதில் எழுதியிருப்பது ஒன்றுதான். என் பெயரில் இந்த வீட்டைத் தவிர ஒரு செங்கல்கூட இல்லை, அதன் முகவரியை மட்டும் ஊருக்குச் சொல்லாதீர்கள் என்பது. மற்றவர்கள் எதை மறைத்தாலும் எனக்கு அக்கறை இல்லை.

பாப்பா


ஏப்ரல் 9

பாப்பா,

தடை கிடைத்துவிட்டது!

நீ பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டாவது வழக்காக எடுத்தார்கள். மின்விசிறிக்கு அடியில் தாள்கள் பறந்துகொண்டிருந்தன; எங்கள் வக்கீல் ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டே பேசினார். ஆணையத்தின் வக்கீல் எழுந்து, பொதுமக்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கும் இடங்களை யார் நடத்துகிறார்கள் என்று மக்களுக்குத் தெரிய வேண்டாமா என்று நீட்டி முழக்கினார். அவர் பேசியதும் எடுபடத்தான் செய்தது, பொய் சொல்வானேன். அப்புறம் நீதிபதி உன் ஏழாம் பக்கத்தைப் படித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. மனசுக்குள் படித்தார். நீதிமன்றமே காத்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மறு உத்தரவு வரைக்கும் யாருடைய விவரத்தையும் வெளியிடக் கூடாது," என்றார்.

மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் மாதிரி முப்பது, நாற்பது அறக்கட்டளைக்காரர்கள் வராந்தாவில் நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எல்லாரையும் காப்பாற்றியது நீ. உன் பக்கங்களில் பெயர், முகவரி வருகிற இடத்தையெல்லாம் வக்கீலின் குமாஸ்தாவை வைத்து நானே எதிரில் உட்கார்ந்து மை அடிக்க வைத்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியாது.

இனி நிம்மதியாகத் தூங்கு.

அண்ணன்


ஜூன் 2

அண்ணா,

வழக்குத் தாள்களையெல்லாம் ஆணையம் தன் இணையதளத்தில் போட்டுவைக்கிறது என்று நீ சொல்லவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் கூடத்துக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். முதலில் என் மனுவைத் திறந்தேன். முதல் பக்கத்தில் பெயர் இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை, முகவரி இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை. மனசு ஆறுதலாக இருந்தது. கீழே உருட்டிப் பார்க்காமல் மூடிவிட்டேன்.

அடுத்து ஆணையத்தின் பதில் மனுவைத் திறந்தேன்.

பதினாறாம் பத்தி. "முதல் மனுதாரர் தனக்கு ஒரே ஒரு வீடுதான் என்கிறார். விடுதிக்கு எதிரே பன்னிரண்டு அறைகள் கொண்ட மூன்று மாடிக் கட்டடம் ஐந்து ஆண்டுகளாக அவர் பெயரில் இருக்கிறது. விடுதியில் இடம் இல்லை என்று அனுப்பப்படுகிறவர்கள் அங்கே வாடகைக்குத் தங்குகிறார்கள்."

நான்கு முறை படித்தேன். யாரோ வேறு ஒருத்தி என்று நினைத்தேன். அப்பா பெயர் சரியாக இருக்கிறது. என் வயது சரியாக இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், தலையில் கட்டோடு நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு தாளைக் கொண்டுவந்தாய். "நீ அலையக் கூடாது, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன், இதுல ஒரு கையெழுத்து போதும்," என்றாய். நான் படிக்கவில்லை. என் அண்ணன் கொடுக்கும் தாளை எதற்குப் படிக்க வேண்டும்? அந்த அதிகாரப் பத்திரத்தில்தானே வாங்கினாய்?

நான் சத்தியம் செய்து எழுதியது பொய்யாகிவிட்டது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினாரே, அந்தப் பக்கத்தை எழுதியவள் இப்போது பொய் சொன்னவள். என் காதை முன்னால் நிறுத்தி, அதன் பின்னால் உன் கட்டடத்தை ஒளித்துவைத்திருக்கிறாய்.

பதில் எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

பாப்பா


ஜூன் 10

பாப்பா,

அடித்துவிடு, திட்டு, ஆனால் கேட்டுவிட்டுத் திட்டு.

அப்பா இருந்தபோது நன்கொடை கொடுத்தவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. மீதிப் பேர் பிள்ளைகளிடம் இருக்கிறார்கள், பிள்ளைகள் கொடுப்பதில்லை. தண்ணீர்த் தொட்டி வெடித்தபோது யார் கட்டினார்கள் என்று நீ கேட்டாயா? அந்தக் கட்டடத்து வாடகையில்தான் கட்டினேன். விடுதியின் பெயரில் வாடகைக் கட்டடம் வைக்கக் கூடாது என்று அப்பா பத்திரத்தில் எழுதிவிட்டார். என் பெயரில் வாங்கினால் மருந்துக்கடைக்காரரே சந்தேகப்படுவார். உன் பெயர் சுத்தமான பெயர்.

அதில் கொஞ்சம் என் வீட்டுக்கும் வந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். என் மகளை, உன் மருமகளை, எப்படிப் படிக்க வைத்தேன் என்று நினைத்தாய்?

நான் கெட்டவனா என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். சில நாள் ஆமாம் என்று தோன்றுகிறது. சில நாள், நாற்பது பேர் கட்டிலில் படுத்திருப்பதைப் பார்த்தால், இல்லை என்று தோன்றுகிறது.

ஆனால் உன் பயம் பொய் இல்லையே. உன் வீட்டு முகவரி வெளியே போகக் கூடாது என்பது பொய் இல்லையே. அதற்காகவும்தான் போராடினேன். அதை நம்பு.

அண்ணன்


ஜூலை 21

அண்ணா,

அவன் வந்துவிட்டான்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை இருக்கும். எங்கள் கூடத்தில் இரத்தம் எடுக்கிற இடத்தில் ஒரு நாற்காலி, கை வைக்க ஒரு பலகை, பக்கத்தில் ஒரு திரை. வருகிறவர்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை. நரம்பைத்தான் பார்ப்பேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். ஒரு கை பலகையில் வந்து விழுந்தது. ரப்பர் பட்டையைக் கட்டினேன். மணிக்கட்டுக்கு மேலே பிறைபோல ஒரு தழும்பு. என் பல் பட்ட தழும்பு.

"மெதுவா குத்து," என்றான். "அவசரம் இல்ல."

குத்தினேன். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. இரண்டு குழாய் எடுத்தேன். பஞ்சை வைத்து, எல்லாரிடமும் சொல்வதுபோலவே ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகுதான் சீட்டைப் பார்த்தேன். பெயர் எழுதும் இடத்தில் அவன் பெயர். முகவரி எழுதும் இடத்தில் என் முகவரி. கதவு எண்ணில்கூடத் தவறு இல்லை.

போலீஸுக்குப் போனேன். அந்த அதிகாரி நல்லவராகத்தான் பேசினார். "ரத்தம் குடுத்ததுக்கெல்லாம் கேஸ் போட முடியாதும்மா. ஏதாவது செஞ்சா வாங்க," என்றார். ஏதாவது செய்தால் நான் எப்படி வருவது என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்தார்.

எப்படி வந்தான் என்று கண்டுபிடித்துவிட்டேன். என் மனுவை மறுபடி திறந்தேன், இந்த முறை கீழே உருட்டினேன். அறக்கட்டளையின் பெயரும் உன் பெயரும் இருக்கிறது. மை அடித்த முதல் மனுதாரர் யாரென்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வட்டமான முத்திரை. நோட்டரியின் பெயர், ஊர், தெரு. ஒன்று மங்கினாலும் இன்னொன்றில் தெளிவாக இருக்கிறது. பதினொரு பக்கத்திலும் என் தெருவை நானே காசு கொடுத்துக் குத்த வைத்திருக்கிறேன். நீ எதிரில் உட்கார்ந்து மை அடித்தாயே, உன் கண்ணில் படவில்லையா? படாது. முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்திருப்பாய். நானும் அதைத்தான் பார்த்தேன். நம் இரண்டு பேரையும் அப்பா அப்படி வளர்த்துவிட்டார்.

நோட்டரியின் குமாஸ்தாவிடம் கேட்டேன். பாவம், பயந்துபோய்விட்டார். "ஒரு காது கேக்காத அம்மா இங்க கையெழுத்துப் போட்டாங்களே, வீடு எதுன்னு கேட்டாரும்மா. அவங்க அண்ணன்னு சொன்னார். அதான் காட்டினேன்," என்றார்.

அண்ணன் என்று சொல்லியிருக்கிறான்.

நான்கு நாளாக மூன்று தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரும் தட்டவில்லை. படியில் யாராவது ஏறினால் எனக்குப் பாதிதான் கேட்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

பாப்பா


ஆகஸ்ட் 3

பாப்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா இல்லாதது நல்லதாகப் போயிற்று. முத்திரை என்று சொன்ன வாயை என்ன செய்வது?

இங்கே வந்துவிடு. விடுதி அலுவலகத்துக்குப் பின்னால் அறை ஒன்று காலியாக இருக்கிறது. இல்லையென்றால் நான் வருகிறேன். எந்த நாள் என்று எழுது.

இன்னொன்று. இதை எழுதுவதா வேண்டாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன். வக்கீலிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். கடைசி விசாரணை அடுத்த மாதம். நடந்ததை நீ ஒரு கூடுதல் வாக்குமூலமாக எழுதிக் கொடுத்தால், அவன் வந்ததையும் சீட்டில் முகவரி எழுதியதையும் சேர்த்தால், விதியையே ரத்து செய்ய வைக்கலாம் என்கிறார். பதினாறாம் பத்திக்கும் அது பதிலாகிவிடும், நீதிபதி கட்டடத்தைப் பற்றிப் பேச மாட்டார் என்கிறார். தீர்ப்பு வரும்வரை மட்டும் மனுவில் இரு. விலகிவிடாதே.

உன் நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அண்ணன்


அக்டோபர் 14

அண்ணா,

வாக்குமூலம் கொடுத்தேன். உனக்குத் தெரிந்திருக்கும். உன் வக்கீல் மூலமாகக் கொடுக்கவில்லை என்பதும் தெரிந்திருக்கும்.

அதற்காக உன் ஊருக்கு வந்தேன். நீதிமன்ற அலுவலகத்திலேயே உட்கார்ந்து எழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டேன். நீ கேட்ட எல்லாம் அதில் இருக்கிறது, அவன் கை, சீட்டு, முத்திரை எல்லாம். நீ கேட்காததும் இருக்கிறது. பன்னிரண்டு அறைக் கட்டடம், நான் படிக்காமல் போட்ட கையெழுத்து, உன் ஜூன் மாதக் கடிதம்.

அதற்கு முந்தின நாள் விடுதிக்குப் போனேன். உன்னைப் பார்க்க இல்லை. கையில் பையோடு, ஆஸ்பத்திரியில் யாரையோ சேர்த்துவிட்டு வந்தவளைப் போல வாசலில் நின்று இடம் கேட்டேன். காவலாளி புது ஆள். "இடம் இல்லீங்கம்மா, எதிர்ல பாருங்க," என்றார். அவருக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. கட்டில்களை எண்ணினேன். ஏழு கட்டிலில் படுக்கையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நாற்பது பேர் படுத்திருப்பதைப் பார்க்கிறேன் என்று எழுதினாயே, அதை எந்த வருஷம் பார்த்தாய்?

எதிர்க் கட்டடத்தில்தான் தங்கினேன். பக்கத்து அறையில் ஒரு அம்மா, கணவருக்கு ஆபரேஷன், நகையை விற்று அறை எடுத்திருக்கிறார். தர்ம விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார். வாடகை ரசீதில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை அச்சடித்திருந்தார்கள். அவர் அதை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த அறையில் உன்னை நான் வெறுத்தேன். இப்போதும் ஆறவில்லை.

தீர்ப்பைப் படித்தேன். விதி செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். எல்லா அறங்காவலர்களும் எல்லாவற்றையும் வெளியிட வேண்டும். உயிருக்கு ஆபத்து இருக்கிறவர்களின் முகவரியை மட்டும் வெளியிடாமல் ஆணையம் மூடிய உறையில் வைத்துக்கொள்ளலாம். என்னைப் போல எத்தனை பேர் இருக்கிறார்களோ, அவர்களுக்கு நல்லது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அது கிடைத்த நாளில் எனக்கு அந்த வீடு இல்லை. ஒரு பகல் நேரத்தில், பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறவளைப் போலக் கைப்பையோடு இறங்கி வந்தவள், திரும்பிப் போகவில்லை.

புது விதிப்படி என் விவரத்தை அனுப்பிவிட்டேன். கட்டடத்தை விடுதிக்கே எழுதித் தருவதாகவும், அப்பா பத்திரம் அதற்கு இடம் தராவிட்டால் ஆணையமே எடுத்துக்கொள்ளட்டும் என்றும் எழுதியிருக்கிறேன். அதிகாரப் பத்திரத்தையும் ரத்து செய்துவிட்டேன். என் புது முகவரி உறைக்குள் இருக்கிறது. நானே ஒட்டினேன். புதுக் கதவிலும் மூன்று தாழ்ப்பாள் இருக்கிறது, அதையும் நானே திருகினேன்.

முன்பு ஒரே ஒருவனிடமிருந்துதான் ஒளிந்திருந்தேன். இப்போது இரண்டு பேர்.

நீ அனுப்பியிருக்கும் கடிதங்கள் அந்தப் பழைய தபால் நிலையத்தில் கிடக்கும். நான் போய் எடுக்க மாட்டேன். இதை இரயில் மாறும் ஊர் ஒன்றில் பெட்டியில் போடுகிறேன், முத்திரையைப் பார்த்துத் தேடாதே. கடித உறையின் இடது பக்க மூலையில் அனுப்புநர் முகவரி எழுத வேண்டும் என்று அப்பா நம் இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தார். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

பாப்பா